முழங்கால் கிழிந்தாலும் அழாத பிள்ளை, சட்டை லேபிளுக்குத் துடிப்பது ஏன் தெரியுமா?

பனியனின் பின்கழுத்தில் அளவு அச்சடித்து ஒரு துண்டு லேபிள் தைத்திருப்பார்களே, அது உரசினால் தாங்க முடியாமல் கதறும் ஒரு பிள்ளை. அதே பிள்ளை மாலையில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தாலும், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் எழுந்து விளையாடப் போய்விடும். தெரியுமா? இது நடிப்பில்லை, பிடிவாதமில்லை, திமிருமில்லை. ஆட்டிசம் உள்ள உடம்பு வலியை வாங்குகிற விதம் ஒன்று, அதை வெளியே காட்டுகிற விதம் இன்னொன்று. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதுதான் இங்கே நடக்கும் அதிசயம். அதைப் புரிந்துகொள்ளத் தவறுவதால் நடப்பதோ பெரிய அநியாயம்!

"ஊசி போட்டாக்கூட அசைய மாட்டான் டாக்டர், இவனுக்கு வலியே தெரியாது." ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் பாதிப் பெருமையும் பாதிப் பயமுமாகச் சொல்லும் பேச்சு இது. எத்தனையோ வருடங்களாக டாக்டர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மருத்துவப் புத்தகங்களிலும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தது. ஃபிரான்ஸில் சில்வி தோர்ஜ்மான் என்ற மனநல மருத்துவரின் குழு, உண்மையிலேயே வலிக்கவில்லையா என்று அளந்து பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டது. படித்தவர்கள் திகைத்துப்போனார்கள்!

அவர்கள் செய்தது எளிமையான காரியம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் இளைஞர்களுமாக 73 பேர், ஆட்டிசம் இல்லாத 115 பேர். எல்லோருக்கும் கையிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். ஊசி இறங்கும் நேரத்தில் யார் அழுகிறார்கள், யார் கையை இழுத்துக்கொள்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் குறித்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் இதயத் துடிப்பையும் எண்ணினார்கள். எடுத்த ரத்தத்தில் பீட்டா எண்டார்ஃபின் எவ்வளவு என்றும் பார்த்தார்கள். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது தானே சுரந்துகொள்ளும் பொருள் அது.

வெளியே பார்த்த கணக்கு அம்மாக்கள் சொன்னது போலவே இருந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் 41.3 சதவீதம் பேர் ஊசிக்கு எந்த அசைவும் காட்டவில்லை. மற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 8.7 சதவீதம்தான். ஆனால் இதயம் என்ன சொன்னது தெரியுமா? ஆட்டிசம் இல்லாதவர்களுக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 1.3 துடிப்பு கூடியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கோ 6.4 துடிப்பு! கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! பீட்டா எண்டார்ஃபினும் அவர்களுக்கே அதிகம். ஆட்டிசத்தின் தீவிரம் கூடக் கூட அந்த அளவும் ஏறிக்கொண்டே போனது. விசில் அடைத்துக்கொண்ட குக்கர் போல, வெளியே சத்தமே இல்லை, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் வலி தெரியாதவர்கள் இல்லை, வலியை வேறு விதமாகக் காட்டுகிறவர்கள் என்றே அந்தக் குழு முடிவு சொன்னது.

அந்த ஆய்வில் எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம் வேறொன்று. அந்தப் பிள்ளைகள் சாதாரண நாட்களில் வலிக்கு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று வீட்டில் பெற்றோரிடமும், பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் பார்த்துக்கொள்பவர்களிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். வலிக்கு எதிர்வினை இல்லை அல்லது குறைவு என்று வீட்டில் எண்ணப்பட்டவர்கள் 68.6 சதவீதம். மையத்தில் 34.2 சதவீதம். ஊசி போடும் இடத்தில் 55.6 சதவீதம். அதே பிள்ளைகள், அதே உடம்பு! வலியை உணரும் நரம்பு வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று மாறிவிடுமா என்ன? மாறியது இடமும் பார்த்த கண்களும்தான்.

கனடாவின் வான்கூவரில் 2004-லேயே இதற்கு ஒரு முன்னோட்டம் கிடைத்திருந்தது, தெரியுமா? அங்கே ரத்தம் எடுக்கும்போது சின்னஞ்சிறு பிள்ளைகளின் முகத்தை வீடியோ எடுத்து, நொடி நொடியாக ஓட்டிப் பார்த்தார்கள். புருவம் இறங்குகிறதா, கண் இறுகுகிறதா, மூக்கின் இரு பக்கமும் மடிப்பு விழுகிறதா, உதடு விரிகிறதா என்று ஒவ்வொரு தசையாகக் கணக்கெடுக்கும் முறை அது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் முகத்தில் வலி இருந்தது. அதுமட்டுமில்லை, ஊசி உள்ளே போன அந்தக் கணத்தில் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகவே இருந்தது! ஆனால் எவ்வளவு வலித்திருக்கும் என்று பெற்றோர் போட்ட மதிப்பெண்ணும் அந்த முகம் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. பெற்றோர்மேல் இதில் குற்றமே இல்லை. ஒரு நொடியில் வந்து மறையும் சுருக்கத்தை, பயிற்சி பெற்றவர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தல்லவா கண்டுபிடித்தார்கள்! பெற்றவள் கையைப் பிடித்துக்கொள்வாளா, தசையை எண்ணுவாளா?

ஃபிரான்ஸில் இன்னொரு குழு ஊசியை எடுத்த பிறகும் கவனித்துக்கொண்டே இருந்தது. மற்றப் பிள்ளைகள் சீக்கிரம் சமாதானமாகிவிட, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் வலியின் அடையாளங்கள் அதன்பிறகும் நீடித்தன. நாம் பஞ்சை வைத்து அழுத்தி, "முடிஞ்சுபோச்சு கண்ணு" என்று சொல்லும்போது அவர்களுக்கு அது முடிந்திருப்பதில்லை.

இன்னும் பின்னால் போவோம். ஆட்டிசம் என்ற நிலையை உலகுக்கு எடுத்துச் சொன்ன முதல் கட்டுரை 1943-ல் வந்தது. எழுதியவர் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானர். 11 பிள்ளைகளின் கதை அது. அதிலேயே ஒரு குண்டூசி வருகிறது, தெரியுமா? பரிசோதனையின்போது ஒரு சிறுவனை ஊசியால் குத்திப் பார்க்கிறார்கள். அவன் இது என்னவென்று தானே கேட்டு, ஊசி என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறான். ஊசியை மிரட்சியோடு பார்க்கிறான். மறுபடி குத்த வந்தால் ஒதுங்குகிறான். ஆனால் அந்த ஊசியைப் பிடித்திருக்கும் மனிதரை அவன் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. குத்துகிற ஆளையும் குத்தலையும் அவன் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை என்று கானர் எழுதிவைத்தார்.

யோசித்துப் பாருங்கள்! வலி இருந்தது, பயம் இருந்தது, விலகலும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்து அழுவது. சாதாரணமாக ஒரு குழந்தை விழுந்தவுடன் என்ன செய்யும்? முதலில் அம்மா எங்கே என்று பார்க்கும், பிறகுதான் அழும். அம்மா பார்க்கவில்லை என்றால் பாதி நேரம் அழுகையே வராது. அழுகை அழைப்பும்கூட. அந்த அழைப்பை விடாத பிள்ளைக்கு அடிபடவே இல்லை என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். முதல் கட்டுரையிலேயே விடை இருந்தும், அதை அளந்து உறுதிசெய்ய அறுபது வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நடுவில் எங்கெங்கோ சுற்றினார்கள். 1979-ல் ஜாக் பாங்க்செப் என்ற மூளை விஞ்ஞானி ஒரு கருத்தை முன்வைத்தார். நம் மூளை தானே சுரக்கும் வலிநிவாரணிகள் ஆட்டிசம் உள்ளவர்களிடம் அளவுக்கு மிஞ்சி இருக்கலாம், அதனால்தான் வலியும் உறைக்கவில்லை, மனிதர்களின் துணையும் தேவைப்படவில்லை என்றார். கேட்க அழகாக, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கிவிடுவதாக இருந்தது. அந்த இயற்கை அபினைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலரிடம் துறுதுறுப்பு கொஞ்சம் அடங்கியது. பழகும் விதத்தில் எதிர்பார்த்த மாற்றம் வரவே இல்லை. கருத்து மெல்லப் பின்வாங்கியது. ஆனால் 'இவர்களுக்கு வலிக்காது' என்ற பேச்சு மட்டும் மருத்துவமனை வராந்தாக்களில் தங்கிவிட்டது.

உண்மையிலேயே வலி தெரியாத மனிதர்கள் உலகில் உண்டு, தெரியுமா? ஆனால் அது முற்றிலும் வேறு கதை. வடக்கு பாகிஸ்தானில் சில குடும்பங்களை ஆராய்ந்து 2006-ல் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். எஸ்சிஎன்9ஏ என்று பெயர். அது பழுதானால் வலிச் செய்தி நரம்பிலேயே கிளம்பாது. ஆராய்ச்சி தொடங்கக் காரணமே தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், நெருப்புக் கங்கின்மேல் நடப்பான். பதினான்கு வயது நிறையும் முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் சின்ன வயதில் தங்கள் நாக்கையும் உதட்டையும் தாங்களே கடித்துக் காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வலி இல்லாத உடம்பு அப்படித்தான் இருக்கும். ஆட்டிசம் அதுவல்ல.

அப்படியானால் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலி அதிகமா, குறைவா? 52 பெரியவர்களை உட்காரவைத்து இஸ்ரேலில் சோதித்தார்கள். டெல் அவிவ், ஹைஃபா பல்கலைக்கழகங்களும் டெக்னியான் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை. 2023-ல் 'பெயின்' இதழில் வந்தது. தோலில் ஒரு சிறு கருவியை ஒட்டவைத்து மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். சூடு எப்போது தெரிகிறது, எப்போது வலியாக மாறுகிறது என்பதில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! வலிக்கத் தொடங்கிய பிறகுதான் வேறுபாடு. ஒரே சூட்டுக்கு ஆட்டிசம் உள்ளவர்கள் கொடுத்த வலி மதிப்பெண் அதிகம். நம் எல்லோருக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. வலி நீடித்தால், போதும் என்று மூளையே கீழே தண்டுவடத்துக்குச் சொல்லித் தணித்துவிடும். அந்தத் தணிப்பு அவர்களுக்கு மட்டுப்பட்டிருந்தது. அவர்களுக்கு வலி குறைவு என்று உலகம் நம்பிக்கொண்டிருக்க, அளவீடு அதிகம் என்கிறது!

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சூட்டு வலியின்போது மூளையைப் படம் பிடித்தார்கள். தொடக்கத்தில் ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையும் மற்றவர்களுடையதும் ஒரே மாதிரிதான் எரிந்தன. வலி நீடித்தபோது ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் அந்த வெளிச்சம் மங்கியது. சூட்டை மற்றவர்களைவிடத் தாமதமாக உணர்ந்த இளைஞர்களைக் கண்ட ஆய்வும் உண்டு. ஆட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் எத்தனை விதமான உடம்புகள்! அதனால்தான் 'ஆட்டிசம் உள்ளவர்கள் இப்படித்தான்' என்று யார் தொடங்கினாலும் எனக்குக் காது கூசுகிறது.

வலி வருவதற்கு முன்னாலேயே வலிப்பது தெரியுமா? நியூயார்க்கில் ஸியாவோஸி கூ என்ற விஞ்ஞானியும் சகாக்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இது. மின்சாரத் தீண்டல் வரப்போகிறது என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்க வைத்தார்கள். தீண்டலின்போது இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றே. காத்திருந்த அந்தச் சில நொடிகளில்தான் ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை மற்றவர்களைவிட அதிகமாகக் கொதித்தது! தடுப்பூசி வரிசையில் பத்துப் பேருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒவ்வொருவராக வீறிட, மருந்து நெடியும் குழல்விளக்கின் ரீங்காரமும் சூழ, அந்தப் பிள்ளை தன் முறைக்கு முன்பே பத்து ஊசி வாங்கிவிடுகிறது.

இப்போது மிளகாய்க்கு வருவோம். ஆம், மிளகாய்க்குத்தான்! மிளகாய் நாக்கில் ஏன் எரிகிறது தெரியுமா? நம் வலி நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்றொரு புரதக் கதவு இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறந்துகொள்ளும். மிளகாயின் காரச்சத்து பட்டாலும் அதே கதவு திறக்கும். அதனால்தான் காரத்தை நாம் சூடாக உணர்கிறோம். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஷாங்க்3 என்ற மரபணுவை எலிகளிடம் மாற்றியமைத்து, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2016-ல் பார்த்தார்கள். அந்த மரபணு மூளைக்குள் மட்டும் வேலை செய்வதாக நினைத்திருக்க, அது வலி நரம்பிலும் உட்கார்ந்து இந்த மிளகாய்க் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது! ஷாங்க்3 இல்லாத எலிகளுக்குக் காரம் அவ்வளவாக உறைக்கவில்லை, வீக்கத்தின்போது வழக்கமாகக் கூடும் சூட்டு வலியும் அவ்வளவாகக் கூடவில்லை. மனிதரில் இந்த மரபணுவை இழந்தவர்களுக்கு வருவது ஃபெலன்-மெக்டெர்மிட் என்ற நிலை. அவர்களில் பலருக்கு ஆட்டிசமும் உண்டு, வலி உணர்வு குறைவதும் உண்டு. ஆக, சிலருக்கு வலி உண்மையிலேயே குறையலாம்.

கதை அங்கே முடிந்திருந்தால் பழைய பேச்சுக்கே பலம் சேர்ந்திருக்கும். இரண்டே வருடத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நேர்மாறான செய்தி வந்தது! சிஎன்டிஎன்ஏபி2 என்பதும் ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுதான். அது இல்லாத எலிகளுக்கு வலி கூடிவிட்டது. நரம்பின் துடுக்கை அடக்கிவைக்கும் பொட்டாசியம் வாயில்கள் குறைந்துபோனதால், சின்னத் தூண்டுதலுக்கும் நரம்பு படபடவென்று சுட்டுத் தள்ளியது. ஒரு மரபணு வலியைக் குறைக்கிறது, இன்னொன்று கூட்டுகிறது. இரண்டுக்கும் வெளியே வைத்த பெயர் ஒன்று! எலியும் மனிதரும் ஒன்றில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஆட்டிசம் உள்ள இரண்டு பிள்ளைகள் எதிர் எதிராக இருப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் நான் படித்ததில்லை.

ஹார்வர்டில் லாரன் ஓரஃபிஸும் டேவிட் ஜின்ட்டியும் செய்தது இன்னும் வியப்பு. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்களை மூளையில் தொடவே இல்லை. தோலிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்புகளில் மட்டும் நீக்கினார்கள். முதுகில் லேசாகக் காற்று ஊதினாலே அந்த எலிகள் மிரண்டன. பிறவியிலிருந்தே அப்படி வளர்ந்த எலிகள் பதற்றம் மிகுந்து மற்ற எலிகளோடு சேராமல் ஒதுங்கின! வளர்ந்த பிறகு மரபணுவை நீக்கினால் தொடுகைக் கூச்சம் மட்டும் வந்தது, ஒதுங்கல் வரவில்லை. தொட்டாலே நோகும் உலகத்தில் பிறந்து வளர்ந்தால், தொடுகிறவர்களை விட்டு விலகத்தானே தோன்றும்? 2016-ல் வந்த அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, கட்டியணைத்தால் திமிறும் பிள்ளைக்குப் பாசமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை.

டெம்பிள் கிராண்டினைத் தெரியுமா? ஆட்டிசம் உள்ளவர், அமெரிக்காவில் கால்நடை அறிவியல் பேராசிரியர். சின்ன வயதில் யார் அணைத்தாலும் தாங்க முடியாமல் விறைத்துப்போவார். ஆனால் அழுத்தம் அவருக்கு வேண்டியிருந்தது. அத்தையின் பண்ணையில் தடுப்பூசிக்காக மாடுகளை இரு பக்கமும் பலகை வைத்து அணைத்துப் பிடிக்கும் சட்டத்தைப் பார்த்தார். அதற்குள் போன மாடுகள் சில அமைதியாவதையும் கவனித்தார். பதினெட்டு வயதில் தனக்கே அப்படி ஒன்றைச் செய்துகொண்டார்! எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பது அவர் கையில். லேசான வருடல் வதையாகவும் அழுத்தமான பிடி ஆறுதலாகவும் இருப்பதாகச் சொல்பவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களில் நிறையப் பேர். நாமோ சமாதானப்படுத்த நினைத்து மெதுவாகத் தடவிக்கொடுக்கிறோம்!

வயிறு பசிக்கிறதா, வலிக்கிறதா, சிறுநீர் முட்டுகிறதா, இல்லை வெறும் பயமா? இந்த நாலையும் பிரித்தறிவது நமக்கு மூச்சுவிடுவது போல எளிது. ஆட்டிசம் உள்ள பலருக்கு உள்ளிருந்து வரும் இந்தச் செய்திகள் கலங்கலாகவே வருகின்றன. 'என்னமோ சரியில்லை' என்று தெரியும். என்ன, எங்கே என்று தெரியாது. தன் உணர்வை இனம்கண்டு சொல்ல முடியாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். மற்றவர்களில் இருபதில் ஒருவருக்கு இருக்கும் இது, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிறது, தெரியுமா?

அவர்களிடம் போய், "ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எவ்வளவு வலிக்குது, சொல்லுங்க" என்று கேட்கிறோம். பத்து என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி என்றும் சொல்லிவைக்கிறோம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் ஒருவர், தீக்குளிப்பதையும் தண்டவாளத்தில் கால் நசுங்குவதையும் நினைத்துப் பார்த்து, குடல்வால் வெடிக்கும் நேரத்தில் நேர்மையாக 'நாலு' என்பார். அதையும் சாதாரணக் குரலில், கண்ணைப் பார்க்காமல், ஒரு முனகலும் இல்லாமல் சொல்வார். கேட்கிறவர் ஒரு பாராசிட்டமால் எழுதி அனுப்பிவிடுவார்.

இத்தனைக்கும் அவர்களுக்கு வலி அரிதாக வரும் விருந்தாளியும் இல்லை. அமெரிக்காவில் நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றை வைத்து 2019-ல் சொன்னார்கள். அடிக்கடி வரும் அல்லது நாள்பட்ட வலி ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளில் 8.2 சதவீதம் பேருக்கு. ஆட்டிசம் உள்ளவர்களில் 15.6 சதவீதம். வேறு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருந்தால் 19.9 சதவீதம். இதுவும் பெற்றோர் கண்டுபிடித்துச் சொன்ன வலி மட்டும்தான்! மலச்சிக்கல், வயிற்றுவலி போன்ற குடல் தொல்லைகள் இவர்களுக்கு நான்கு மடங்குக்கு மேல் என்று 2014-ல் பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்த கணக்கு சொல்கிறது.

பேச்சு வராத பிள்ளை ஒன்று திடீரென்று தலையைச் சுவரில் முட்டத் தொடங்குகிறது. தாடையில் அறைந்துகொள்கிறது. ராத்திரி தூங்குவதில்லை. சோற்றைத் தள்ளிவிடுகிறது. "இப்பல்லாம் ரொம்ப முரட்டுத்தனம் பண்றான்" என்று சொல்லி மனநல மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால், காதுக்குள் சீழ் இருக்கிறதா, கடைவாய்ப் பல் சொத்தையா, மலம் கட்டியிருக்கிறதா, நெஞ்செரிச்சலா, பெண் பிள்ளையானால் மாதவிலக்கு வயிற்றுவலியா என்று பார்க்க வேண்டும். புதிதாக வந்த முரட்டுத்தனம் பல நேரங்களில் வலி, தெரியுமா? பல்லைப் பிடுங்கிய மறுவாரமே தலைமுட்டல் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. ஆட்டிசம் என்ற பெயரின் கீழ் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால் அந்தப் பல் அங்கேயே அழுகிக்கொண்டிருக்கும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும்.

அழத் தெரிந்தவர்களின் வலியையே மருத்துவம் நம்பாத காலமும் இருந்தது! 1980-கள் வரை பச்சைக்குழந்தைகளுக்கு, அதுவும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, போதிய வலிநிவாரணி இல்லாமலே அறுவை சிகிச்சை செய்தார்கள், தெரியுமா? உடம்பு அசையாமலிருக்கத் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்துவிடுவார்கள். நரம்பு மண்டலம் முதிராததால் அவர்களுக்கு வலி தெரியாது என்பது அன்றைய நம்பிக்கை. இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த், அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் நெருக்கடி ஹார்மோன்கள் எகிறுவதை அளந்து காட்டினார். நல்ல வலிமருந்து கொடுத்தால் அந்த எகிறல் அடங்குவதையும் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைவதையும் 1987-ல் நிரூபித்தார். உலகம் முழுக்க நடைமுறை மாறியது. அங்கேயும் வெளியே அசைவில்லை, உள்ளே ரத்தம் சாட்சி சொன்னது.

வலி என்றால் என்ன என்பதற்கு உலக அளவில் இலக்கணம் வகுக்கும் சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020-ல் தன் பழைய வரையறையைத் திருத்தியது. வாயால் சொல்வது வலியைத் தெரிவிக்கும் பல வழிகளில் ஒன்றுதான், சொல்ல முடியவில்லை என்பதால் வலி இல்லை என்றாகாது என்று குறிப்பே சேர்த்துவிட்டார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் செவிலியர்கள் உருவாக்கிய ஒரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முகப் படங்களைக் காட்டாமல், இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு அளவுகோல்! ஒரு தாளில் சைபரிலிருந்து பத்து வரை கோடு போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் தன் பிள்ளை என்ன செய்யும் என்று பெற்றோரே எழுத வேண்டும். சைபரில்: கைகளை உதறிச் சிரிப்பான், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றில்: பாட்டுப் போட்டாலும் திரும்ப மாட்டான். ஐந்தில்: வலது காதை மட்டும் மடக்குவான், தயிர்சாதம் வேண்டாம் என்பான். எட்டில்: சத்தமே இல்லாமல் மூலையில் போய்ச் சுருண்டு படுப்பான். வெளியாள் ஒருவர் அவனைப் பார்த்து 'சமத்தா இருக்கானே' என்று சொல்லும் நேரம் அது. எட்டு! அந்த எட்டு உலகில் அவன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

ரத்தம் எடுக்கவோ தடுப்பூசிக்கோ போவதென்றால், தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பு இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பு தடவ வேண்டும். "அழாத பிள்ளைக்கு எதுக்கும்மா இது?" என்று யாராவது கேட்டால் அந்த 6.4 துடிப்பைச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கவிடாமல் முதல் ஆளாக அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். என்ன நடக்கப்போகிறது என்று படம் வரைந்து முன்கூட்டியே காட்டுங்கள். தடவிக்கொடுப்பதா, அழுத்திப் பிடிப்பதா, தொடாமலே இருப்பதா என்பதைப் பிள்ளையிடமிருந்து தெரிந்துகொண்டு நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். சைபரிலிருந்து பத்து வரை எழுதிய அந்தத் தாளை நாலு நகல் எடுத்து, ஒன்றை மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தி வையுங்கள், ஒன்றைப் பள்ளிக்கூட டீச்சரிடம் கொடுங்கள், ஒன்றை ஊரிலிருக்கும் தாத்தா பாட்டி வீட்டில் ஒட்டுங்கள், இன்னொன்று உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.